அலமாரிக்குள் ஆமை

பள்ளி விடுமுறைக்கு முந்தின சில வாரங்கள், நான் தினமும் ஓர் அறையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கைப்பேசியில்தான். காலையில் கோப்பி கலக்கும்போது பார்ப்பேன். மாலையில் கிள்ளான் நெரிசலில் கார் நகராமல் நிற்கும்போது மறுபடி பார்ப்பேன். பச்சை விரிப்பு போட்ட பெரிய கட்டில், அதையொட்டி ஏணி வைத்த குட்டிக் கட்டில், சுவர் முழுக்கக் கடல். தலைமாட்டில், முதுகில் விளக்கைச் சுமந்தபடி ஓர் ஆமைக்குட்டி. படத்தில் ஜன்னலுக்கு வெளியே எப்போதும் விடிகாலை. அதற்குக் கீழே விலை. அறை அப்படியே இருந்தது, விலை மட்டும் பார்க்கப் பார்க்க ஏறியது. நான் ஆசைப்படுவது அதற்குத் தெரிந்துவிட்டதோ என்று சந்தேகம் வந்து, ஒருநாள் முழுக்கப் பார்க்காமல் இருந்தேன். மறுநாள் இன்னும் ஏறியிருந்தது.

அந்த விடுதி ஷா ஆலத்தைத் தாண்டி, முன்பு செம்பனைத் தோட்டமாக இருந்த இடத்தில் இருக்கிறது. நீர்ச்சறுக்குகளும் ராட்டினங்களும் உள்ள கேளிக்கைப் பூங்கா, அதை அணைத்தாற்போல் விடுதி. அங்கே ஆமை இல்லாத அறைகளும் உண்டு. அதே கட்டில், அதே ஏர்கான், அதே குளியலறை, விலை மட்டும் பாதி. மிச்சப் பாதி ஆமைக்கு. தொலைக்காட்சியில் வந்த கார்ட்டூன் ஆமை அது. அதன் முகத்தைச் சுவரில் வரையவும் தலையணையில் அச்சடிக்கவும் விடுதிக்காரர்கள் உரிமம் வாங்கியிருந்தார்கள். வாங்கிய காசை நம்மிடம்தானே வசூலிக்க வேண்டும்.

என் கணவர் ஷா ஆலத்தில் ஒரு தொழிற்சாலையில் இயந்திரப் பராமரிப்பு பார்க்கிறவர். எந்தப் பொருளைப் பார்த்தாலும் அதன் விலையை இன்னொரு பொருளாக மாற்றித்தான் அவருக்கு யோசிக்க வரும்.

"அந்தக் காசுக்குப் புது ஏர்கானே மாட்டிடலாம் லா," என்றார். "ஒருநாள் இல்ல, தினமும் ஜில்லுனு தூங்கலாம்."

அவர் சொன்னது நியாயம்தான். நியாயமாகப் பேசுகிறவர்களைக் கண்டால் எனக்கு எப்போதுமே கொஞ்சம் எரிச்சல் வரும். கைப்பேசியைக் கவிழ்த்து வைத்தேன். காரணத்தைச் சொன்னால் அழுதுவிடுவேன் என்று பயமாக இருந்தது.

காரணம், அந்த ஆமை தமிழில் பேசியபோது பேசியவள் நான்.

கல்யாணத்துக்கு முன்பு டப்பிங் பேசிக்கொண்டிருந்தேன். பிரிக்பீல்ட்ஸில், ஒரு பூக்கடைக்கு மேல்மாடியில் ஒலிப்பதிவுக்கூடம். ஜன்னல்களைப் பழைய கம்பளம் போட்டு அடைத்திருந்தார்கள். அப்படியும் ரயில் போகும்போது சுவர் லேசாக நடுங்கும். உடனே பேச்சை நிறுத்திவிட வேண்டும். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இயக்குநர் தேத்தண்ணீரை ஒரு வாய் குடிப்பார். ரயில் கடந்து போனதும் கையைக் காட்டுவார். நான் விட்ட இடத்திலிருந்து தொடங்குவேன். இப்போது நினைத்தால் அந்த வருடங்கள் முழுவதும் இருட்டறையும் மல்லிகை வாசமும் ரயிலுக்காகக் காத்திருப்பதுமாகவே ஞாபகத்தில் இருக்கின்றன. உள்ளே பகலா இரவா தெரியாது. திரையில் மட்டும் ஒரு சின்ன ஆமை, விளக்கைச் சுமந்துகொண்டு, தூக்கம் வராத குழந்தைகளின் வீடுகளைத் தேடி மெல்ல நடந்துகொண்டிருக்கும்.

அந்த விடுதிக்கான ஒலிப்பதிவு ஒரே மதியத்தில் முடிந்தது. படுக்கையோரம் வைக்கும் ஆமை விளக்கு ஒன்று செய்கிறார்கள், முதுகை அமுக்கினால் வெளிச்சம் வரும், குழந்தையிடம் நாலு மொழிகளில் பேசும் என்றார்கள். தமிழில் அது சொல்ல வேண்டிய வாக்கியங்களை யாரோ எழுதி அனுப்பியிருந்தார்கள். ஒவ்வொன்றிலும் 'நண்பா' என்று இருந்தது.

"அண்ணே, சின்னப் பிள்ளைய யாரு நண்பான்னு கூப்பிடுவா?" என்று இயக்குநரிடம் கேட்டேன்.

"பின்ன எப்படிக் கூப்பிடச் சொல்ற?"

"பாப்பான்னு. நம்ம வீட்டுல அப்படித்தானே."

"ஆம்பளப் பிள்ளையா இருந்தா?"

"அதுவும் பாப்பாதான். மீசை வந்தப்புறம் வேணா மாத்திக்கலாம்."

அவர் சிரித்துக்கொண்டே கையைக் காட்டினார். "வந்துட்டேன் பாப்பா! விளக்கு கொண்டாந்திருக்கேன்" என்றேன். முதுகை அமுக்கியதும் வரவேண்டிய வாக்கியம் அது. அப்புறம், "கண்ண மூடு. இருட்டு நம்மள ஒண்ணும் பண்ணாது." வெளிச்சம் அணையப்போகும் நேரத்தில் கடைசியாக ஒன்று. அதை மட்டும் மூச்சுக் காற்றில் கிசுகிசுப்பாகச் சொல்லச் சொன்னார், தூங்கிக்கொண்டிருக்கிற பிள்ளை எழுந்துவிடக் கூடாதாம். ஒலிவாங்கிக்கு மிக அருகில் போய், "பாப்பா… தூங்கிட்டியா?" என்றேன். எடுத்த எடுப்பிலேயே சரியாக வந்தது. பேசியதற்கான கூலியை அன்றே கொடுத்துவிட்டார்கள். அத்தோடு அந்தக் குரல் ஆமைக்காரர்களுக்குச் சொந்தம். ஒப்பந்தத்தில் அப்படித்தான் இருந்தது, நானும் சந்தோஷமாகத்தான் கையெழுத்துப் போட்டேன்.

கூலியோடு ஒரு பஞ்சு ஆமைப் பொம்மையும் கொடுத்தார்கள். அதைத் தூக்கிக்கொண்டு கிள்ளானில் எங்கள் வீட்டுக்குப் போனேன். அம்மா கதவிலேயே கையை நீட்டித் தடுத்தார். ஆமை வீட்டுக்குள் வந்தால் குடும்பம் விளங்காது என்று நம்மவர்களில் பலர் நினைப்பதுண்டு. அம்மா நினைப்பதோடு நிறுத்திக்கொள்ளமாட்டார்.

"பஞ்சு அம்மா இது," என்றேன்.

"ஆமைதானே?"

அதற்கு மேல் வாதாட இடமில்லை. பொம்மை வாசல் கார் கொட்டகையில் ஆணியில் தொங்கி, ஒரு மழைக்காலத்தில் பூஞ்சை பூத்து, குப்பை லோரியில் ஏறிப் போனது. நான் மட்டும் வீட்டுக்குள் இருந்தேன், ஆமையின் குரலோடு. அம்மாவுக்கு அது தோன்றவில்லை. நானும் சொல்லவில்லை.

மகள் பிறந்து, அவளுக்குப் பல் முளைக்கும் முன்பே எனக்குத் தைராய்டு கட்டிக்கு அறுவை நடந்தது. குரலுக்குப் போகும் நரம்பு கட்டியோடு ஒட்டியிருக்கிறது, என்ன ஆகும் என்று உறுதி சொல்ல முடியாது என்று மருத்துவர் முன்கூட்டியே சொல்லியிருந்தார். கட்டி போனது, குரலும் போனது. மிஞ்சியது கரகரவென்று, பாதி காற்றாக, யார் வீட்டுக் கதவோ தரையில் உரசுகிற மாதிரி ஒன்று. பேச்சுப் பயிற்சி கொடுத்த அம்மாள் நல்லவர், கண்டிப்பானவர். "எவ்வளவு கரகரப்பா இருந்தாலும் குரலாவே பேசுங்க. கிசுகிசுன்னு மட்டும் பேசாதீங்க. தொண்டைக்கு அதுதான் எதிரி," என்றார். அன்றிலிருந்து எங்கள் வீட்டில் ரகசியமே கிடையாது. மாமியாரைப் பற்றிச் சொல்ல நினைப்பதைக்கூட உரக்கத்தான் சொல்ல வேண்டியிருந்தது.

இப்போது நான் டப்பிங்குக்குத் தமிழ் வசனம் எழுதுகிறேன், பெட்டாலிங் ஜெயாவில் ஓர் அலுவலகத்தில். வேறு பெண்கள் பேசுகிறார்கள். நன்றாகவும் பேசுகிறார்கள். அதில் எனக்கு வருத்தமில்லை. வருத்தம் வேறு இடத்தில் இருந்தது. பாலர் பள்ளியில் ஒரு பிள்ளை, "உன் அம்மா ஏன் லோரி மாதிரி பேசுறாங்க?" என்று என் மகளைக் கேட்டிருக்கிறது. "அவங்களுக்கு எப்பவும் இருமல்," என்று இவள் சொல்லியிருக்கிறாள். வீட்டுக்கு வந்து, கோபமோ அழுகையோ இல்லாமல், வானிலை சொல்வதுபோல் என்னிடம் சொன்னாள். அவளுக்கு நான் எப்போதும் இப்படித்தான். அதற்கு முன்பு ஒருத்தி இருந்தாள் என்பதே தெரியாது.

காட்டலாம் என்றால் எதுவும் இல்லை. அந்தக் காலத்தில் கைப்பேசியில் குரல் செய்தி அனுப்பும் பழக்கம் எனக்கில்லை. பேசிச் சம்பாதிக்கிறவள் ஓசியில் யாருக்குப் பேசுவாள்? கல்யாண வீடியோவில் தொடக்கம் முதல் கடைசிவரை சினிமாப் பாட்டைப் போட்டு நிரப்பிவிட்டார்கள். அதில் நான் வாயைத் திறந்து மூடுகிறேன், அவ்வளவுதான். கார்ட்டூனின் தமிழ்ப் பதிப்பு தொலைக்காட்சியிலிருந்து போய்ப் பல வருடமாகிறது. என் குரல் இந்த உலகத்தில் மிச்சமிருந்த ஒரே இடம் அந்த விடுதியின் விளக்குகள்தான்.

அலுவலகத்தில் ஒருநாள், ஆமையின் உரிமம் முடிகிறது என்று பேச்சு அடிபட்டது. விடுதிக்காரர்கள் புதுப்பிக்கவில்லை. அடுத்து டைனோசராம். விடுமுறை முடிந்ததும் சுவரைச் சுரண்டி, விளக்குகளைக் கழற்றி, எல்லாவற்றையும் அழித்துவிட வேண்டும், அதுதான் விதி. அன்று மாலையிலிருந்துதான் அந்த அறையைப் பார்க்க ஆரம்பித்தேன்.

கடைசியில் கணவரிடம் சொன்னேன். பயந்ததுபோலவே அழுதும் தொலைத்தேன். அவர் என் கைப்பேசியை வாங்கி, விலையைப் பார்க்காமல் இருப்பதற்காகக் கட்டைவிரலால் அந்த இடத்தை மறைத்துக்கொண்டு முன்பதிவுப் பொத்தானை அழுத்தினார். ஏர்கானைப் பற்றி அதன் பிறகு பேசவில்லை.

விடுதியின் கதவு திறந்ததும் முகத்தில் அடித்த குளிர்காற்றில் இனிப்பு ரொட்டி வாசம் வந்தது. எங்கோ மறைவாக ஒரு மெட்டு ஓடிக்கொண்டிருந்தது. எனக்குத் தெரிந்த மெட்டு. பூக்கடை மாடியில் நூறு தடவை கேட்டது, ரயிலுக்காகப் பாதியில் நின்று நின்று போனது. இங்கே நிற்காமல் ஓடியது. தரையில் நீல வெளிச்சம் அலை அலையாக நகர, பிள்ளைகள் அதன் மேல் நீந்துவதாகப் பாவனை செய்து வயிற்றால் ஊர்ந்துகொண்டிருந்தார்கள். என் மகளும் செருப்பைக் கழற்றிவிட்டு அதில் இறங்கிவிட்டாள். ஒரு பக்கம் பலகை அடித்து மறைத்திருந்தார்கள். பலகை இடுக்கில் ஒரு பெரிய பச்சைக் கால் தெரிந்தது. டைனோசர் ஏற்கெனவே வந்து காத்திருந்தது.

அறையில் சோப்பு ஆமை, சீப்பு ஆமை, குளியல் தொப்பியிலும் ஆமை. செருப்பின் உள்பக்கம் ஆமையின் முகம், நடந்தால் மிதிபடும். தலைமாட்டில் அந்த விளக்கு இருந்தது. மகளைக் கூப்பிட்டு, "அமுக்கு," என்றேன். அமுக்கினாள். வெளிச்சம் வந்தது. ஆமை ஆங்கிலத்தில் பேசியது. அடியில் ஒரு பொத்தான் இருந்தது, அதைத் தட்டினால் மலாயில் பேசியது. இன்னொரு தட்டு தட்டினால் மறுபடி ஆங்கிலம். கணவர் விளக்கைத் தலைகீழாகப் பிடித்து, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, தொழிற்சாலையில் பார்க்கிற மாதிரி பார்த்தார்.

"ரெண்டுதான் இருக்கு," என்றார்.

வரவேற்பு மேசைக்குப் பேசினேன். என் குரலைக் கேட்டு, உடம்பு சரியில்லையா, மருத்துவர் வேண்டுமா என்று கேட்டார்கள். கொஞ்ச நேரத்தில் அறைகளைக் கவனிக்கும் மலாய்ப் பெண் ஒருத்தி வந்தாள். விளக்குகளைப் போன வருடம் மாற்றிவிட்டார்கள் என்று மலாயில் சொன்னாள். பழைய விளக்கு ஒரே ஒரு அறையில் தப்பிக் கிடக்கிறது, இதே தளத்தில் கடைசி அறை, ஆனால் அங்கே ஆள் இருக்கிறார்கள். எனக்காக வருத்தப்பட்டு இரண்டு ஆமை சாக்லேட் கூடுதலாகக் கொடுத்தாள். மகள் அதைத் தின்றாள். நான் கட்டிலில் உட்கார்ந்து சுவரில் இருந்த கடலைப் பார்த்தேன். தெரியாதவர்கள் அறைக் கதவை எப்படித் தட்டுவது?

மதியம் நீர்ச்சறுக்குக்குப் போனோம். பாதியிலேயே வானம் கறுத்தது. இடி அறிவிப்புச் சங்கு ஊதியது. மின்னல் நேரத்தில் தண்ணீரில் யாரும் இருக்கக்கூடாது என்பதால் எல்லோரையும் கரையேற்றிவிட்டார்கள். துண்டு போர்த்திய கூட்டம் விடுதிக்குத் திரும்பியது. நீண்ட தாழ்வாரத்தில் ஈரக் காலடிகள், ஜன்னலெல்லாம் மழை, பகலிலேயே விளக்குகள் எரிந்தன. எங்கள் அறையைத் தாண்டி நான் நடந்துகொண்டே இருந்தேன். கணவரும் மகளும் பின்னால் வந்தார்கள். என்ன செய்யப்போகிறேன் என்று எனக்கே தெரியவில்லை.

கடைசி அறை வாசலில் ஆமைச் செருப்புகளை வெளியே தள்ளி வைத்திருந்தார்கள். உள்ளே கல்யாண வீட்டுச் சத்தம். ரசத்தின் வாசம் கதவிடுக்கில் வந்தது. தட்டினேன். சத்தம் அப்படியே நின்றது. ஏதோ உருண்டது, ஒரு கதவு சாத்திக்கொண்டது, "உஷ், உஷ்" என்றது யாரோ. பிறகு ஓர் ஆணின் குரல்: "யெஸ்? நாங்க நாலு பேருதான்!"

எனக்குப் புரிந்துவிட்டது. என் அப்பா காலத்தில் நாங்களும் இதைச் செய்தவர்கள்தான். போர்ட் டிக்சனில் நாலு பேருக்கென்று ஓர் அறை எடுப்போம். சித்தப்பா குடும்பம் பின்படியில் ஏறி வரும். பாய், சோற்றுப் பானை, மீன் சம்பல் எல்லாம் துணிப்பையில் வரும். கதவைத் தட்டினால் பிள்ளைகள் குளியலறைக்குள் ஓட வேண்டும், அதுதான் எங்களுக்குச் சொல்லிக்கொடுத்தது.

"அண்ணே, நான் ஹோட்டல் ஆளு இல்ல," என்றேன்.

என் குரல் காரியத்தைக் கெடுத்தது. "ஒரு நிமிஷம் சார்! சட்ட போட்டுக்கிட்டு வரேன் சார்!" என்றார் உள்ளே இருந்தவர். காவல் அதிகாரி யாரோ என்று நினைத்துவிட்டார்.

மகளுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "அங்கிள், இது சார் இல்ல! எங்கம்மா!" என்று மணி மாதிரி கத்தினாள். கதவு திறந்தது.

திறந்தவர் லோரி ஓட்டுகிறவர், கம்போங் மேடான்காரர் என்று பிறகு தெரிந்தது. அவருக்குப் பின்னால் அறை மெல்ல மெல்ல நிறைந்தது. திரைச்சீலைக்குக் கீழே தெரிந்த கால்களுக்கு மேல் முகங்கள் வந்தன. குளியலறையிலிருந்து இரண்டு பெண்கள் சோற்றுச் சட்டியோடு வந்தார்கள். கட்டிலுக்கடியிலிருந்து பிள்ளைகள் ஊர்ந்து வந்தார்கள். கட்டில் நடுவில், எதற்கும் ஒளியாமல், ஒரு பெரியம்மாள் காலை மடக்கி உட்கார்ந்திருந்தார். எல்லோருக்கும் அவர் அத்தை.

விஷயத்தைச் சொன்னேன். தலைமாட்டில் விளக்கு இல்லை. லோரிக்காரர் தலையைச் சொறிந்தார்.

"நாங்க சாதா ரூம்தான் போட்டோம் அக்கா. இங்க வந்தா, அது நெறைஞ்சிருச்சு, இந்தாங்க சும்மாவே ஆமை ரூம்னு குடுத்துட்டாங்க. பிள்ளைங்களுக்கு ஒரே குஷி. அத்தை உள்ள வந்து பாத்தாங்க…" என்று நிறுத்தி, அலமாரியைக் காட்டினார்.

ஆமை அலமாரிக்குள் பூட்டிக் கிடந்தது, மேலே துண்டு போர்த்தி. அப்போதுதான் கவனித்தேன். தலையணை உறைகளைப் புரட்டிப் போட்டிருந்தார்கள். சோப்பு, சீப்பு, தொப்பி ஒன்றும் கண்ணில் படவில்லை. சுவர் ஆமைகளை மட்டும் ஒன்றும் செய்ய முடியாததால், அவை கடலைப் பார்த்து வெளியே போகிற ஆமைகள், உள்ளே வருகிற ஆமைகள் இல்லை என்று யாரோ சொல்லி அத்தையைச் சமாதானப்படுத்தியிருந்தார்கள். எந்த ஆமைக்காக நான் வாரக்கணக்கில் விலையைப் பார்த்து ஏங்கினேனோ, அது இங்கே இலவசமாக வந்து சிறைப்பட்டிருந்தது. எனக்கு அம்மாவின் நீட்டிய கை ஞாபகம் வந்தது. சிரிப்பும் வந்தது, பயமும் வந்தது. இந்த அம்மாள் மாட்டேன் என்றால் அவ்வளவுதான். இவர்கள் நாளைக்குப் போய்விடுவார்கள், அடுத்து டைனோசர்.

"ஆன்டி," என்றேன். "எனக்கு அந்த ஆமை வேணாம். அது உள்ள என் பேச்சு இருக்கு. ஆபரேஷனுக்கு முந்தின குரலு. இவளுக்கு அது ஞாபகமே இல்ல."

அத்தை என்னையும் மகளையும் மாறி மாறிப் பார்த்தார். மழை ஜன்னலில் கொட்டிக்கொண்டிருந்தது.

"எடுங்கடா," என்றார். "ஆனா கீழ வைக்காதீங்க. மேசையிலயும் வைக்காதீங்க. கையில தூக்கிப் பிடிச்சிக்கிட்டா அது உள்ள வந்த கணக்கு இல்ல."

ஆகவே லோரிக்காரர் ஆமையை இரண்டு கையாலும் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்தார். மின்கம்பி எட்டவில்லை, சுவரோடு ஒட்டி, எக்கி நின்றார். யாரோ திரையை இழுத்து விட்டார்கள், யாரோ விளக்கை அணைத்தார்கள். என் கணவர் மகளைத் தூக்கிக்கொண்டார். அவள் கையை நீட்டி ஆமையின் முதுகை அமுக்கினாள். மஞ்சள் வெளிச்சம் கூரையில் பரவியது. ஆங்கிலம் வந்தது. பொத்தானைத் தட்டினாள், மலாய். தட்டினாள், சீனம். தட்டினாள்.

"வந்துட்டேன் பாப்பா! விளக்கு கொண்டாந்திருக்கேன்."

நான் நினைத்துவைத்திருந்ததைவிட அது இளமையாக இருந்தது. தெளிந்த, அவசரமில்லாத, எந்த ரயிலுக்கும் பயப்படாத குரல். என் உடம்பிலிருந்து போன ஒன்று அறையின் மேல்பக்கம் மிதந்துகொண்டிருந்தது. "கண்ண மூடு. இருட்டு நம்மள ஒண்ணும் பண்ணாது." அங்கிருந்த பிள்ளைகள் எல்லோரும் உடனே கண்ணை மூடினார்கள். ஒவ்வொரு வீட்டிலும் ஒரு பாப்பா உண்டு, ஆமை தன்னைத்தான் கூப்பிடுகிறது என்று ஒவ்வொருவரும் நினைத்திருக்க வேண்டும். வெளிச்சம் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்தது. ஏறக்குறைய இருட்டானதும், மூச்சாக, "பாப்பா… தூங்கிட்டியா?"

நான் அழுதுகொண்டிருந்தேன். அடக்க முயலவும் இல்லை.

"இன்னொரு தடவ போடுங்க அண்ணே," என்றார் என் கணவர். அவருடைய குரலும் சரியாக இல்லை. அறுவைக்கு முன்பு அவர் தினமும் கேட்ட குரல் அது. அவருக்கும் ஒன்று தொலைந்துபோயிருந்தது என்பதை நான் அதுவரை யோசித்ததே இல்லை. லோரிக்காரர் கை வலிப்பதாகச் சொல்லவில்லை. இன்னொரு தடவை கேட்டோம்.

"நல்ல குரலும்மா," என்றார் அத்தை. வேறு எதுவும் சொல்லி ஆறுதல்படுத்தவில்லை. ஆமையைத் திரும்ப அலமாரியில் வைக்கச் சொல்லிவிட்டு, எங்களுக்கு ஒரு டப்பாவில் சோறும் நெத்திலிச் சம்பலும் கட்டிக் கொடுக்கச் சொன்னார்.

தாழ்வாரத்தில் திரும்பி நடந்தோம். "எப்படி இருந்துச்சு?" என்று மகளிடம் கேட்டேன்.

"நல்லா இருந்துச்சு. அந்த அக்கா நல்லா பேசுறாங்க."

"அது அக்கா இல்ல. அம்மாதான் பேசினேன்."

அவள் என்னைப் பார்த்துச் சிரித்தாள். விளையாட்டுக்குச் சொல்கிறேன் என்று நினைத்தாள். "பொய்," என்றாள். "அவங்க அக்கா. நீ அம்மா." கணவர் ஏதோ சொல்ல வந்தார். வேண்டாம் என்று கையைக் காட்டினேன். கேட்டுவிட்டாள், அது போதும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். போதவில்லை. குரலைக் காட்டியாயிற்று, ஆனால் அது யாரோ ஒரு அக்காவின் குரலாகவே அவளிடம் போய்ச் சேர்ந்தது.

எங்கள் அறையில் அத்தையின் சோற்றைச் சாப்பிட்டோம். மழை விடவில்லை. கணவர் நாற்காலியிலேயே கண்ணயர்ந்தார். மகள் குட்டிக் கட்டிலில் படுக்காமல் பெரிய கட்டிலில் என்னோடு ஒண்டிக்கொண்டாள். திரைக்குப் பின்னால் சாம்பல் வெளிச்சம், சுவரில் கடல், ஏர்கான் காற்றில் விரிப்பின் ஓரம் அசைந்தது. எங்கோ தண்ணீருக்கடியில் கிடப்பதுபோல் இருந்தது. அவள் ஆமையை அமுக்கினாள். அது ஆங்கிலத்தில் ஆரம்பித்ததும் அணைத்துவிட்டாள்.

"இது வேணாம். அந்த அக்கா சொன்னத நீ சொல்லு."

"கண்ண மூடு," என்றேன். "இருட்டு நம்மள ஒண்ணும் பண்ணாது." என் குரல் கதவாகத் தரையில் உரசியது.

"அது இல்ல. கடைசில மெதுவா ஒண்ணு சொன்னாங்களே. அது."

பயிற்சி கொடுத்த அம்மாளின் முகம் மனதில் வந்தது. அறுவைக்குப் பிறகு மகளிடம் நான் சொல்லாமல் விட்ட ரகசியங்களும் வந்தன. அவள் காதுக்கு மிக அருகில், ஒலிவாங்கிக்குப் போகிற மாதிரி குனிந்தேன். குரலை விட்டுவிட்டு வெறும் மூச்சால், "பாப்பா… தூங்கிட்டியா?" என்றேன்.

அவள் கண்ணைத் திறந்தாள். என் வாயைப் பார்த்தாள். நரம்பு போனால் குரல்தான் போகும், மூச்சு அப்படியே இருக்கிறது என்பது எனக்கும் அந்த நிமிடம்தான் தெரிந்தது. துளிக் கரகரப்பும் இல்லாமல், பூக்கடை மாடியில் வந்த அதே மூச்சு.

"அம்மா," என்றாள் அவளும் கிசுகிசுப்பாக. "நீதான் அது."

"ஆமா."

"நெசமாவே நீதான்."

"நெசமாவே நான்தான்."

என் கன்னத்தைப் பிடித்துத் தன் காதுப் பக்கம் திருப்பி வைத்துக்கொண்டாள். "இன்னொரு தடவ சொல்லு," என்றாள். சொன்னேன். தொண்டை எரிந்தது. இன்னொரு தடவை கேட்டாள், சொன்னேன். மழை குறைய ஆரம்பித்திருந்தது. கடைசியாக நான் கேட்டபோது பதில் வரவில்லை.